மூன்று வரி ஸ்பானிஷும் ஒரு பீரோ சாவியும்

எனக்கு என்னைப் பற்றிப் பேச வராது. ஸ்பானிஷில் மட்டும் வரும். அதுவும் மூன்றே வரி.

தொண்ணூறுகளின் தொடக்கம். தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் ஷூ தைத்துக்கொண்டிருந்தேன். படிப்பு எட்டாவது. (எட்டாவதில் பாதி.) சரக்கு வாங்க ஸ்பெயினிலிருந்து ஒரு அம்மா வருவதாக இருந்தது. தொழிலாளி ஒருத்தன் அவர் பாஷையிலேயே தன்னைப் பற்றிச் சொன்னால் ஆர்டர் உறுதி என்று மானேஜர் நினைத்தார். என்னைப் பிடித்தார்.

“சார், நான் பேசவே மாட்டேனே.”

“அதனாலதான்யா. நீதான் சொல்லிக்குடுத்ததுக்கு மேல ஒரு வார்த்தை பேச மாட்டே.”

சொல்லிக்கொடுத்தது ஆபீஸ் ஸ்டெல்லா மேடம். கொஞ்சம் ஸ்பானிஷ் படித்தவர்.

“நீங்க எப்படிப்பட்ட ஆளு? சொல்லுங்க, ஸ்பானிஷ்ல மாத்தித் தரேன்.”

யோசித்தேன். அதுவரை யாரும் கேட்டதில்லை. அவர் டீ ஆறிப்போனது.

“கூச்சப்படுவீங்களோ?”

தலை குனிந்தேன்.

“சரி, ஒண்ணு ஆச்சு” என்றார்.

இப்படித்தான் என் குணம் எனக்கே தெரியவந்தது. ‘ஸோய் தீமிதோ’ என்றால் நான் கூச்சக்காரன். ‘ஸோய் திரபஹதோர்’ என்றால் உழைப்பாளி. ‘ஆப்லோ போக்கோ’ என்றால் கொஞ்சமாகப் பேசுவேன். மெஷினில் தைக்கும்போது சொன்னேன். குளிக்கும்போது சொன்னேன். பயமாக இருந்தால் ஃபேனைப் பார் என்று மானேஜர் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை அந்த அம்மா வருகிறார். முந்தின நாள் ஞாயிறு, சேலையூரில் பெண் பார்க்கப் போனோம். இது மூன்றாவது இடம். முதல் இரண்டு இடத்திலும் பையன் ஊமையா என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். கேம்ப் ரோடு முழுக்க அக்கா திட்டிக்கொண்டே வந்தாள்.

“த பாருடா, இன்னைக்கு வாயத் தொறக்கல, அவ்ளோதான். இன்னொரு வூட்டுக்கு உன்ன இட்டுகினு போவ மாட்டேன். ஆயுசுக்கும் நீயே பொங்கித் துன்னு.”

பெண் காப்பி கொண்டுவந்தாள். பெயர் வசந்தி. ஒரு தடவை பார்த்தேன். பிடித்துவிட்டது. அதுதான் வினை. பிடித்துவிட்டால் இருக்கிற ஒன்றிரண்டு வார்த்தையும் ஓடிவிடும்.

“தம்பி, உங்களப் பத்திச் சொல்லுங்க” என்றார் அவள் அப்பா.

அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. எழுந்து நின்றேன். கைகளை உடம்போடு ஒட்டினேன். ஃபேனைப் பார்த்து மூன்று வரியையும் உரக்கச் சொன்னேன்.

யாரும் அசையவில்லை. தமிழில் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். மறுபடி அதே மூன்று வரி. இந்த முறை கால் வேறு உதறியது.

“ஐயோ, பையனுக்கு வலிப்பு!” பெண்ணின் மாமா கத்தினார். “இரும்பு குடுங்க, இரும்பு!”

யாரோ ஒரு சாவிக்கொத்தை என் கையில் திணித்தார்கள். மாமா என் விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. (பேசுவதைவிட வலிப்பு சுலபமாக இருந்தது.)

பஸ்ஸில் அக்கா அழுதாள். “வலிப்பு இல்லன்னு ஒரு வார்த்த சொன்னா இன்னாடா? கையில இன்னா அது?”

விரலைப் பிரித்தேன். சாவிக்கொத்து.

மறுநாள் ஸ்பெயின் அம்மா வந்தார். என்னை முன்னால் நிறுத்தினார்கள். மூன்று வரியில் ஒன்றும் வரவில்லை. வேர்த்துக் கொட்டியது. அந்த அம்மா ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார். மானேஜரிடம், “தீமிதோ” என்றார். என் வேலையை அவரே முடித்துவிட்டார். ஆர்டரும் கொடுத்தார்.

சாயங்காலம் தனியாகச் சேலையூர் போனேன். சாவியைக் கொடுத்துவிட்டு ஓடிவிடுவதாகத் திட்டம். கதவைத் திறந்தது வசந்தி. உள்ளே அவள் அப்பா நேற்றைய சட்டையிலேயே உட்கார்ந்திருந்தார். மற்ற சட்டையெல்லாம் பீரோவில். பீரோ சாவி என் கையில்.

நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“நேத்து என்ன சொன்னீங்க? சாமி வந்துச்சா?”

“ஸ்பானிஷ்.”

“அதுக்கு அர்த்தம்?”

தரையைப் பார்த்தேன். “கூச்சப்படுவேன். நல்லா வேலை செய்வேன். கொஞ்சமாத்தான் பேசுவேன்.”

தமிழில் அதை நான் சொன்னது அதுவே முதல் தடவை.

“இத நேத்து தமிழ்லயே சொல்லியிருக்கலாமே?”

“கூச்சம்.”

சிரித்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அப்பா, இவருக்கு வலிப்பெல்லாம் இல்லப்பா. ஆளே இப்படித்தான்!”

“மொதல்ல அந்தச் சாவிய வாங்கும்மா” என்று உள்ளிருந்து பதில் வந்தது.

தை மாதம் கல்யாணம்.

இப்போதும் வீட்டுக்கு விருந்தாளி வந்து நான் சும்மா உட்கார்ந்திருந்தால், வசந்தி ஒன்றும் சொல்ல மாட்டாள். பீரோ சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைப்பாள். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். நான் எழுந்து நின்று ஃபேனைப் பார்ப்பேன்.

“ஸோய் தீமிதோ.”

மீதி இரண்டு வரியை அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.