எனக்கே எனக்கென்று ஓர் அடுப்பு மாடம்

அந்த இலையுதிர் காலத்தில் நான் ஒரு வீர சபதம் எடுத்தேன். முதல் பனி விழுவதற்குள் நிலவறையைச் சீராக்கி, மூலையில் செங்கல்லால் ஒரு மாடம் கட்டி, அதில் இரும்பு விறகடுப்பை வைத்து, எதிரே ஒரே ஒரு நாற்காலி போட்டுக் குளிர்காய்வேன். ஒரே ஒரு நாற்காலி. சபதத்தின் உயிரே அதில்தான் இருந்தது.

தாமிரச் சுரங்கத்தில் ஆயுசெல்லாம் உழைத்து ஓய்வு பெற்றவன் நான். மண்ணுக்கடியில் எனக்கு இருந்த மரியாதை வீட்டில் இல்லை. எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும், "கொஞ்சம் எழுந்திருங்க, பெருக்கணும்" என்று வந்து நிற்பாள் என் மனைவி ஐலி. அவள் துடைப்பத்துக்கு என்மேல் அப்படி ஒரு பிரியம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கொல்லையில் இருந்த எங்கள் சவுனா, அதாவது நீராவிக் குளியலறை, போன குளிர்காலத்தில் பனியின் பாரம் தாங்காமல் நொறுங்கி விழுந்தது. இனிமேல் கட்டமாட்டேன் என்று அன்றே சொல்லிவிட்டேன். சவுனா இருக்கிற வீட்டு வாசலில் சனிக்கிழமையானால் தெருவே துண்டோடு வந்து நிற்கும். எங்கள் ஃபின்னிய ஜனங்கள் அப்படி. அத்தனை பேருக்கும் விறகு பிளப்பது யார்? நான்தான்.

ஐலி சண்டை போடவில்லை. "சரிங்க" என்றாள். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் அந்தச் 'சரிங்க'வைக் கேட்டு எனக்குப் பயம் வரவில்லை பாருங்கள்.

பக்கத்து வீட்டுக் கொத்தனார் ஒன்னி உதவிக்கு வந்தான். மரச்சட்டத்தில் சூடு ஏறாமல் இருக்க, பின்னால் காற்றோட இடம்விட்டு அழகாக மாடம் எழுப்பினோம். ஐலி காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

"ஏங்க, விறகுல பனி ஒட்டியிருக்குமே. உருகினா தண்ணி எங்க போகும்?"

"எங்கயாவது போகும்."

"உங்க காலடியிலதான் போகும். தரையைக் கொஞ்சம் சாய்ச்சு ஒரு வடிகால் வச்சிடுங்களேன்."

நியாயமாகப் பட்டது. வைத்தேன்.

மறுநாள் சுவர்ப் பலகையைத் தடவிப் பார்த்தாள். "பைன் பலகை சூட்டுல பிசின் விடும். நீங்க சட்டையோட ஒட்டிக்கிட்டா நான்தானே பிச்சு எடுக்கணும்? தேவதாரு அடிங்க."

அடித்தேன்.

"நாற்காலி எதுக்கு? உங்க முதுகுக்கு நீட்டிப் படுக்கிற மாதிரி பெஞ்சு போடுங்க. சூடு மேலதானே நிக்கும், நல்லா உசரமா போடுங்க. ஏறிப் போக, கீழ இன்னொரு பெஞ்சு."

"ஐலி, என்மேல இவ்வளவு அக்கறையா?"

"பின்ன, ஒன்னிமேலயா வைப்பாங்க?"

நெஞ்சு இளகிவிட்டது. இரண்டு பெஞ்சும் போட்டேன்.

"முன்னால ஒரு தடுப்புச் சுவர் எழுப்பிக் கதவு போட்டுட்டா, நான் கூப்பிடறதே உங்க காதுல விழாது."

எந்த மனைவி எந்தப் புருஷனுக்கு இப்படி ஒரு வரம் கொடுத்திருக்கிறாள்? அன்றைக்கே கதவை மாட்டினேன். ஐலி ஏரிக்கரைக்குப் போய் மடி நிறையக் கருங்கல் பொறுக்கிவந்து அடுப்பின் தலையில் அடுக்கினாள். நெருப்பு அணைந்தாலும் கல்லில் சூடு நிற்குமாம். கெட்டிக்காரி என்று மெச்சிக்கொண்டேன்.

ஒன்னி கொத்துக்கரண்டியைக் கீழே வைத்தான். "ரெய்னோ, இதைப் பார்த்தா உனக்கு எதாவது ஞாபகம் வருதா?"

"வருது. சொர்க்கம்."

அவன் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கினான். கேட்டதற்குச் சிமென்ட் தூசி என்றான்.

சனிக்கிழமை அடுப்பை மூட்டிவிட்டு, வாசல் பனியை வாரித் தள்ளப் போனேன். முடித்துவிட்டுச் செய்தித்தாளும் கையுமாகக் கீழே இறங்கினால், கொல்லை வழியாக வந்து படிக்கட்டில் ஒன்னி துண்டோடு உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குப் பின்னால் எதிர்வீட்டுக்காரர், அவர் மச்சான், எல்லாரும் துண்டோடு.

"உள்ள போகாதப்பா. பொம்பளைங்க முறை இன்னும் முடியல."

உள்ளே கல்லில் தண்ணீர் விழுந்து 'உஸ்' என்றது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஃபின்னியனாய்ப் பிறந்து, என் கையாலேயே ஒரு சவுனாவைக் கட்டி முடித்துவிட்டு, அது சவுனா என்று தெரியாமல் நின்ற முதல் ஆள் நான்தான்.

கதவு திறந்தது. முகம் தக்காளியாய்ச் சிவந்து ஐலி வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் கையை நீட்டினாள்.

"பாருங்க, மடக்க முடியுது."

விரல்களை மெல்ல மூடித் திறந்து காட்டினாள். பழைய சவுனா விழுந்ததிலிருந்து அவை விறைத்துப்போய்க் கிடந்திருக்கின்றன. ஜாடி மூடிகளை எல்லாம் என்னைத் திறக்கச் சொன்னது என் பலத்தை மெச்சித்தான் என்று நான் நினைத்திருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"சொல்லியிருக்கலாமே, ஐலி."

"சொன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு கட்டியிருப்பீங்க. இப்ப பாட்டுப் பாடிக்கிட்டுல்ல கட்டினீங்க!"

அந்தச் சூடான கையைப் பிடித்துக்கொண்டு எப்படிக் கோபப்படுவது? ஆனாலும் ஆசை விடவில்லை.

"அப்ப எனக்குன்னு ஒரு இடம்?"

"மாடியில தெற்குப் பக்கம் சும்மாத்தானே கிடக்கு? அழகா ஒரு அறை கட்டிக்கோங்க."

"நிஜமாவா?"

"நிஜமாத்தாங்க. ஜன்னலை மட்டும் நல்லா பெரிசா வைங்க. கை சரியாயிடுச்சுல்ல, தறி போடணும். அதுக்கு வெளிச்சம் வேணும்."