பயறு சிந்திய ரத்தம்

எங்கள் ஊரில் மண் பேச ஆரம்பித்துவிட்டது. நம்பாதவர்கள் மைக்கிலேயே கேட்டிருக்கலாம். மைக் பிடித்தவன் நான்தான்.

"வாருங்கள் விவசாயப் பெருமக்களே! மண்ணுக்குக் காது கொடுக்கும் மகான்! உங்கள் வயல் என்ன கேட்கிறது என்று சொல்லப்போகிறார்!"

மகானுக்கு ஊர் வைத்த பேர் மண்காது ஐயா. வயலில் குப்புறப் படுப்பார். ஒரு காதை மண்ணில் வைத்து "ம்... ம்..." என்பார். பிறகு எழுந்து, மண் சொன்னதை நமக்குச் சொல்வார். எந்த வயலில் படுத்தாலும் மண் ஒன்றையேதான் சொன்னது: ஐயாவின் அருள் விதையை வாங்கு. பஸ் பிடித்து வந்தது கூட்டம். செருப்பு கழற்றிப்போட இடமில்லை.

இந்தக் கிறுக்கு எங்களுக்குப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. நாங்கள் உழாமல் நெல் விதைக்கிறவர்கள். ஒழுங்காகச் செய்தால் நல்ல முறை. நெல் அறுத்ததும் பயறு மாதிரி ஒரு மூடுபயிரை விதைத்து, மண்ணை வெயில் படாமல் மூடி, அது வளர்ந்ததும் சாய்த்துப் படுக்கவைத்து, அதன் நடுவிலேயே அடுத்த நெல்லை விதைக்க வேண்டும். எனக்கு இதில் "உழ வேண்டாம்" என்ற பாதி மட்டும் ரொம்பப் பிடித்துப்போயிற்று. மூடுபயிரை விட்டுவிட்டு நெல் மேல் நெல்லாகப் போட்டேன். நெல் சங்கச் செயலாளரான நானே அப்படிச் செய்தால் ஊர் சும்மா இருக்குமா? மண்ணை மூடுவதற்குப் பதில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டோம். பயிர் மஞ்சளாகிவிட்டது. சோம்பேறித்தனம் என்று ஒத்துக்கொள்வதைவிடச் சாபம் என்று சொல்வது கௌரவமாக இருந்தது.

சாபம் நீக்க வந்த ஐயா அருள் விதை கொடுத்தார். பார்வைக்குப் பயறு. கடித்துப் பார்த்தாலும் பயறு. விலையில் மட்டும் அருள் தெரிந்தது. விதைத்தோம், முளைத்து வளர்ந்தது. ஒரு நாள் ஐயா என் வயலில் ஒரு செடியைப் பிடுங்கினார். வேர் முழுக்கக் குட்டிக் குட்டி முடிச்சுகள். பிளேடால் ஒன்றை நறுக்கினார். உள்ளே சிவப்பு!

"மண்ணுக்கு ரத்தம் ஊறிடுச்சு!" என்றார் ஐயா.

கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. நான் மைக்கிலேயே அழுதேன். வேர் முடிச்சைப் பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து, பாகம் குறித்து, மதிப்பெண்ணும் வாங்கியவன் நான். மதிப்பெண் கைக்கு வந்ததோடு அந்த உறவு முடிந்துவிட்டது.

ஊரில் அருள் விதை வாங்காத வயல் ஒன்றே ஒன்றுதான். வரப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் என் தங்கையின் வயல். அவள் நிலத்தை உழுவதை விட்டு நாலு வருஷமாகிறது. நெல்லுக்குப் பிறகு இந்த வருஷம் பயறும் கடுகும் கலந்து விதைத்திருந்தாள். அடுத்த வருஷம் வேறு மாற்றுவாள். அவள் நெல் மட்டும் மஞ்சளாகவே இல்லை. அதுவே அவள் மேல் குற்றமாகிவிட்டது.

ஐயா அவள் வயலிலிருந்து ஒரு கடுகுச் செடியைப் பிடுங்கிக் காட்டினார். வேரில் முடிச்சும் இல்லை, சிவப்பும் இல்லை.

"பாத்தீங்களா? செத்த மண்ணு! ஊர் ரத்தத்தையெல்லாம் இதுதான் உறிஞ்சுது. நாளைக்கே உழுது கீறிப் போட்டுடுங்க!"

செத்த மண் எப்படி உறிஞ்சும் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. கேட்க வேண்டியவன் மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

மறுநாள் காலை அவள் வயலோரம் டிராக்டர் வந்து நின்றது. பின்னால் ஊர். முன்னால், வேறு யார், மைக்கோடு நான்.

தங்கை வரப்பில் வழிமறித்து நின்றாள்.

"அண்ணா, நாலு வருஷமா டயர் படாமப் பாத்துக்கிட்ட மண்ணு. கையை விட்டா மண்புழு வருது. ஒரு தடவை உழுதா எல்லாம் போச்சு. இது உனக்குத் தெரியாதா?"

"ஊர் நன்மைக்காகம்மா," என்றேன். சொன்னபோதே வெட்கமாக இருந்தது. இருந்தும் சொன்னேன்.

"சரி, ஒரே ஒரு கேள்வி. உன் வயல்ல ஐயா எந்தச் செடியைப் பிடுங்கினாரு?"

"பயறு."

"என் வயல்ல?"

"கடு..." நான் மென்று விழுங்கியதையும் மைக் ஊருக்கே ஒலிபரப்பியது.

"என் வயல்லயும் பயறு நிக்குதே. அதைப் பிடுங்கிப் பாருங்க."

"தேவையில்லம்மா, மண்ணே சொல்லிடுச்சு," என்றார் ஐயா. அதற்குள் டிராக்டர் ஓட்டுநர் இறங்கிப்போய் ஒரு பயறுச் செடியைப் பிடுங்கி வந்துவிட்டார். தங்கை முடிச்சை நறுக்கினாள். சிவப்பு. என் வயலைவிட நல்ல சிவப்பு.

கூட்டம் சலசலத்தது. ஐயா அசரவில்லை. "அருள் வரப்பு தாண்டிப் பாஞ்சிருக்கு!"

"அப்ப என் மண்ணுக்கும் அருள் வந்தாச்சு. உழ வேணாம்ல?"

ஐயா மறுபடி குப்புறப் படுக்க இடம் தேடினார். தங்கை விடவில்லை. என் வயலில் இறங்கி, களையாக நின்ற ஒரு கடுகைப் பிடுங்கி என் கையில் திணித்தாள்.

"இது அருள் விழுந்த மண்ணுதானே? நீயே பாரு."

பார்த்தேன். வெள்ளை வேர். ஒரு முடிச்சுகூட இல்லை.

"பயறு எங்க வளந்தாலும் வேர்ல முடிச்சு விடும். அது உயிரோட இருந்தா உள்ள சிவப்பாத்தான் இருக்கும். கடுகுக்கு அது கிடையாது. நாம ரெண்டு பேரும் ஒரே புத்தகம்தானே படிச்சோம்?"

ஐயா இப்போது மண்ணில் காது வைக்கவில்லை. வைக்காமலேயே, கூட்டம் நெருங்கி வரும் காலடிச் சத்தம் அவருக்குக் கேட்டுவிட்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட்டம் பிடித்தார்.

ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். "இவ்வளவு தூரம் வந்தாச்சு. எதை உழுறதுன்னு சொல்லுங்க."

"எங்க அண்ணன் மண்டையை உழுங்க," என்றாள் தங்கை. "ரொம்ப வருஷமா தரிசாக் கிடக்கு."

ஊரே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணில் தண்ணீரும் வந்தது. மைக் இன்னும் என் கையில்தான் இருக்கிறது. அதனால் அறிவித்துவிடுகிறேன்: விவசாயப் பெருமக்களே, நிலத்தைப் பயறு போட்டு மூடி, உழாமல் விடுங்கள், நெல் விளையும். மண்டையை உழாமல் விட்டால் மண்காதுதான் முளைப்பார்.