எட்டாம் நம்பர் டப்பா

"உங்களுக்கு மூணு சதவீதம்தான் விரியுது. மச்சானுக்கு ஆறு," என்றாள் நர்ஸ், டிரைவரின் கையில் இறுக்கியிருந்த பட்டையை அவிழ்த்தபடி. "பட்டையைத் தளர்த்தினதும் ரத்தக்குழாய் விரியணும். உங்களுது அசையவே மாட்டேங்குது சார்."

மச்சான் என்றால் மனைவியின் தம்பி; அவருடைய பஸ்ஸிலேயே கண்டக்டர். இருவருக்கும் ரத்தக் கொதிப்பு. இரண்டு வகை பீட்டா பிளாக்கர் மாத்திரைகளில் எது ரத்தக்குழாய்க்கு நல்லது என்று பார்க்கும் ஆராய்ச்சியில் சேர்ந்து ஒரு மாதமாகிறது. டிரைவருக்கு ஏழாம் நம்பர் டப்பா, மச்சானுக்கு எட்டு. மாத்திரைகள் பார்க்க ஒரே மாதிரி. எதில் எது என்று டாக்டருக்கே தெரியாது.

டிரைவருக்குத் தெரிந்துவிட்டது. எட்டுதான் உசத்தி!

கொதிப்பு அடங்கும்வரை அவர் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டிய மனுஷர், டிப்போவில் பயணிகள் தொலைத்த குடைகளுக்குக் காவல் உட்கார்ந்திருந்தார். வயிறு எரியாதா?

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த மச்சான், அந்த மாதத்துப் புது டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு பால்கனிக்குப் போனான். டிரைவர் இரண்டு டப்பாவையும் கவிழ்த்து, மாத்திரைகளை மாற்றிக் கொட்டிவிட்டார்.

மறுநாள் விடிந்ததுமே பயம் பிடித்துக்கொண்டது. அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? திருப்பி மாற்றிவிடலாமென்றால் டப்பா மச்சானின் தோள்பையை விட்டு இறங்கவில்லை. டாக்டரிடம் சொன்னால் வேலைக்கே உலை. ஆளாவது நன்றாக இருக்கிறானா என்று பார்க்க, தினமும் அவன் வீட்டுக்கு நாலு மாடி ஏறினார்.

"மாப்ளே, நல்லா இருக்கியா?"

"பல்லு தேய்க்கிறேன் மாமா. சாகல."

"இனிமே உப்பைக் குறைச்சுக்கோ."

"நீங்களும் குறைங்க, குறைக்கிறேன்."

வேறு வழி? குறைத்தார்.

"காலைல நடக்கலாம்ல?"

"தனியாவா? போரடிக்கும் மாமா."

கூடவே நடந்தார். அடுத்த வாரம் மச்சான் சிகரெட்டைப் பற்றவைத்தபோது பதறிப்போய்ப் பிடுங்கினார்.

"அப்போ உங்க பாக்கெட்டையும் குடுங்க," என்று கையை நீட்டினான் அந்தப் படுபாவி.

கொடுத்தார். கண்ணில் நீர் முட்டியது.

மாதம் முடிந்தது. பட்டையை இறுக்கினார்கள், தளர்த்தினார்கள்.

"ஏழு!" என்று கத்தினாள் நர்ஸ். "பிரஷரும் இறங்கிடுச்சு சார்!"

மச்சானுக்கு அதே ஆறு, குறையவில்லை. டிரைவருக்கு உயிர் வந்தது. டாக்டர் தகுதிச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். மறுநாள் டிப்போ வாசலில் அவர் அடித்த ஹாரனுக்குக் தொலைத்த குடையைத் தேடி வந்தவர்கள்கூட ஓடிவந்து கைதட்டினார்கள். மச்சான் இரட்டை விசில் கொடுத்தான். முன் சீட்டில் மனைவி.

முதல் சிக்னலில் மனசு தாங்கவில்லை.

"எல்லாம் எட்டாம் நம்பர் மாத்திரை பண்ணின வேலைடி," என்று கிசுகிசுத்தார். "உன் தம்பியோடதை எடுத்து என் டப்பால கொட்டிக்கிட்டேன்."

"தெரியும். நீங்க கை கழுவப் போனதுமே திருப்பிக் கொட்டிட்டேன்," என்றாள் மனைவி. "அப்பவே சொல்லியிருந்தா நாலு மாடி ஏறியிருப்பீங்களா? பச்சை விழுந்துடுச்சு, வண்டிய எடுங்க."