பச்சையாக ஒளிர்ந்த படம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்த பெரிய நிகழ்ச்சி, அந்த ஆராய்ச்சி நிலையத்தின் இரண்டாம் மாடியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை நடந்தது. விழா அழைப்பிதழில் அப்படித்தான் போட்டிருந்தது.

பழுதான மரபணுவுக்குப் பதிலாக நல்லதொன்றைச் செல்லுக்குள் அனுப்ப வேண்டும். வழக்கமாக அதை வைரஸ்தான் சுமந்து போகும். இங்கே வைரஸ் வேண்டாம். பெப்டைடு என்ற குட்டிப் புரதத் துண்டே மரபணுவை அணைத்து உள்ளே கொண்டுபோய்விடும். மரபணு போய்ச் சேர்ந்த செல் அடையாளமாகப் பச்சையாக ஒளிரும். நூற்றுக்குத் தொண்ணூறு ஒளிர்ந்தன.

அதைச் செய்து காட்டிய இளநிலை ஆராய்ச்சியாளருக்குத்தான் இரண்டு நாளாகத் தூக்கமில்லை. இயக்குநரின் அறைக்கே போய்விட்டாள்.

“சார், முதல் நாள் ஒளிருது. ரெண்டாம் நாள் பார்த்தா எல்லாம் செத்துக் கிடக்கு. பெப்டைடு செல்லோட சவ்வையே கிழிச்சிடுது.”

இயக்குநர் புன்னகைத்தார். “நம்ம திட்டத்தோட தலைப்பு என்னம்மா?”

“செல்லுக்குள் மரபணுவைச் சேர்த்தல்.”

“சேர்ந்துச்சா?”

“சேர்ந்துச்சு சார்.”

“உயிரோட வச்சிருப்போம்னு தலைப்புல எங்கயாவது இருக்கா?”

உடனே உயர்மட்டக் குழு கூடியது. ‘செத்த’ என்ற சொல் அறிவியல் நாகரிகத்துக்கு ஒவ்வாதது என்று ஒருமனதாகத் தீர்மானித்து, ‘பணி நிறைவுற்ற செல்கள்’ என்று திருத்தியது. விழாத் திரையில் முதல் நாள் படம் மட்டும் இடம்பெறும் என்றும் முடிவானது.

விழாவில் கைதட்டல் ஓய்ந்ததும் பின்வரிசையில் ஒரு லாரி ஓட்டுநர் எழுந்தார். அவர் மகளுக்கு மரபணுப் பழுதால் வந்த தசைநோய்; ஆறு வயதிலேயே நடை நின்றுவிட்டது. மனிதர்களுக்குப் போடும் முதல் ஊசிக்கு அவள் பெயரைக் கொடுத்திருந்தார். கையில் ஒப்புதல் படிவம். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

மேடையிலிருந்தவர்களை விட்டுவிட்டு, ஓரமாக நின்ற இளநிலை ஆராய்ச்சியாளரைப் பார்த்துக் கேட்டார்: “ஏம்மா, நீங்கதானே இதைச் செஞ்சீங்க? உங்க வீட்டுப் பிள்ளைன்னா போடுவீங்களா?”

இயக்குநர் கண்ணாலேயே அதட்டினார். அவள் பணி ஒப்பந்தம் அடுத்த மாதம் புதுப்பிக்கப்பட வேண்டியது.

“போட மாட்டேண்ணே. ரெண்டாம் நாள் செல்லெல்லாம் செத்துப்போகுது.”

“பாவம், வேலைப் பளுவுல ஏதோ உளர்றாங்க,” என்றார் இயக்குநர், ஒலிபெருக்கியைப் பிடித்தபடி.

ஓட்டுநர் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “ரொம்ப நன்றிம்மா,” என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டு வெளியேறினார்.

மறுநாளே அவளுக்குப் பணிநீக்க உத்தரவு வந்தது. குற்றம்: ‘பொதுமக்களுக்குள் உண்மையை அனுமதியின்றிச் செலுத்தியமை.’

அந்த நிலையம் இதுவரை வெளியிட்டதிலேயே பொய் கலக்காத அறிக்கை அது ஒன்றுதான்.