சிலுவை மூழ்கியது, அண்ணன் மிதந்தான்

மவ்ரோலிமானி,
ஜனவரி பதினொன்று

அன்பும் மதிப்பும் நிறைந்த அசிமினா பெரியம்மாவுக்கு,

தங்கை மகள் பொலிக்ஸெனி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் உடல்நலத்தோடு இருக்கிறோம். மற்ற நலங்களைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். புது இடுப்பு மூட்டு உங்கள் சொல்பேச்சு கேட்கிறதா? ஏதென்ஸில் கலியோப்பி அக்கா வீட்டுச் சமையலில் உப்பு போதவில்லை என்றீர்களாம். மருத்துவர் சொல்லித்தான் அவள் குறைக்கிறாள், கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபத்தை எனக்காக மிச்சம் வையுங்கள்.

ஆறாம் தேதி, திருக்காட்சி விழா அன்று மாலை போனில் நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். "சிலுவைய யாருடி புடிச்சா?" நான் "லைன் சரியில்லை பெரியம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. நீங்கள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. அக்கா வீட்டு டிவியும் பழுதில்லை; அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான். உள்ளூர்ச் செய்தியில் எங்களை மூன்று முறை காட்டினார்கள்.

விழாவில் பாதிரியார் கடலில் எறியும் சிலுவையைப் பெரியப்பா நான்கு முறை குதித்துப் பிடித்தவர். நான்காவது முறை கோயிலில் அதே அச்சில் இன்னொரு பித்தளைச் சிலுவை செய்து கொடுத்தார்கள். அது உங்கள் வீட்டு விளக்குக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. அதற்கு அடியில் உட்கார்ந்து சோறு தின்று வளர்ந்த ஸராந்திஸ் அண்ணன் வருஷா வருஷம் குதித்தும் ஒருமுறைகூடப் பிடிக்கவில்லை, எப்போதும் வேறு யாருடைய கையாவது முந்திக்கொள்ளும். இந்த இதயத்தை வைத்துக்கொண்டு இனிக் குளிர்ந்த தண்ணீரில் குதிக்கக் கூடாது, இந்த வருஷம்தான் கடைசி என்று மருத்துவர் சொன்னது ஊருக்கே தெரியும். வேகமாக நீந்துகிற பையன்கள் எல்லாம் கப்பலுக்குப் போய்விட்டார்கள் என்பதும் தெரியும். காபிக் கடை பந்தெலிஸ் அவனைக் கூப்பிட்டு, "எந்தச் செவுத்துல மாட்டப் போற, இப்பவே ஆணி அடிச்சு வெச்சுக்கோ" என்றுகூடச் சொல்லியிருக்கிறார்.

அப்படிப்பட்ட வருஷத்தில்தான் நான் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து தொலைத்தேன். எரிவாயுக் கம்பெனி வந்து துறைமுகத்தை ஒன்பது மீட்டருக்கு ஆழப்படுத்தியதிலிருந்து பாதித் துறை எங்கள் எல்லைக்குள் வந்துவிட்டது. அங்கே பாதிரியார் சிலுவை எறிவதானாலும் நான் அனுமதி தர வேண்டும். யாரும் பிடிக்காவிட்டால் இழுத்தெடுப்பதற்காகச் சிலுவையில் கட்டும் நீல ரிப்பனை அவிழ்க்கச் சொன்னேன், தளர்ந்த கயிறு இழுவைப் படகின் விசிறியில் சிக்கும் என்று விதி இருக்கிறது. "இது ரிப்பனும்மா, கயிறு இல்ல" என்றார் பாதிரியார் திமியோஸ். "ஒரு மீட்டருக்கு மேல போனா கயிறுதான் சாமி" என்றேன். அதோடு விட்டேனா? குதிக்கும் ஏழு பேருக்கும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம் என்றேன். கம்பெனி ஜாக்கெட், காற்றில்லாமல் மெல்லியதாகக் கழுத்தில் கிடக்கும். அண்ணன் தூக்கிப் பார்த்தான். "என்னடி இது, கழுதைக்குப் பூட்டுற மாதிரி?" "ஒண்ணும் பண்ணாதுண்ணா, சும்மா கெடக்கும்." வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றவனுக்கு வாரை நானே இறுக்கிப் பூட்டினேன் பெரியம்மா, இந்தக் கையால். "ஒரு தடவைடி. கையில பட்டாப் போதும்" என்றான்.

சிலுவை அண்ணனுக்கு நேர் எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் விழுந்தது. ஏழு பேரும் குதித்தார்கள். பட்! பட்! அந்த ஜாக்கெட் மயங்கி விழும் தொழிலாளிக்காகச் செய்தது. தண்ணீர் பட்டதும் தானாகக் காற்று நிரம்பும், ஆளை மல்லாக்கத் திருப்பி முகத்தை வானம் பார்க்க வைக்கும். இது எனக்குத் தெரியாதது அல்ல. அதற்காகத்தான் அதை வாங்கச் சொன்னேன், மாதாமாதம் இதைப் பற்றி வகுப்பும் எடுக்கிறேன். இரண்டாவது 'பட்'டில்தான் ஞாபகம் வந்தது. ஏழு மஞ்சள் பலூன்கள், ஏழு பேரும் மல்லாக்க வானத்தைப் பார்த்துக்கொண்டு, கவிழ்த்த ஆமை மாதிரி காலை உதைத்துக்கொண்டு! பித்தளை பளபளவென்று அண்ணன் காதோரமாகக் கீழே இறங்கிப் போனது, அவனால் தலையைத் திருப்பிப் பார்க்கக்கூட முடியவில்லை. ஜாக்கெட் தன் வேலையை மிகச் சரியாகச் செய்தது. பாதிரியாரின் கை பழக்கத்தில் ரிப்பனை இழுக்கப் போனது, வெறும் காற்றை இழுத்தது, பிறகு அவர் என்னைப் பார்த்தார். பேண்டு நின்றுவிட்ட அந்த அமைதியில் பந்தெலிஸ் கத்தினார்: "ஏம்மா, எலுமிச்சம்பழம் கிலோ என்ன வெல?"

சிலுவை மேலே வராமல் தண்ணீருக்கு ஆசீர்வாதம் முடியாது, ஆசீர்வாதம் முடியாமல் ஒரு படகும் நகராது. இழுவைப் படகும்தான். அதன் கேப்டன் யார்? உங்கள் மகன். வெளியே எரிவாயுக் கப்பல் இழுத்துவர ஆளில்லாமல் நங்கூரம் போட்டுக் காத்திருக்கிறது, ஏதென்ஸிலிருந்து இயக்குநர் ராலிஸ் போன் செய்கிறார். "கப்பல் ஏன் உள்ள வரல, காத்தா?" "இல்ல சார்." "ஸ்ட்ரைக்கா?" "ஒரு மாதிரி." "யாரு பண்றா?" "கடவுள் பக்கத்து ஆளுங்க சார்." கம்பெனியின் முக்குளிப்பவரோ விடுமுறைக்கு வடக்கே சொந்த ஊருக்குப் போயிருந்தார். அண்ணன் என்னோடு பேசவில்லை. ஒயர்லெஸ்ஸில் கூப்பிட்டால், "இழுவைப் படகு கேட்கிறது, சொல்வதற்கு ஒன்றுமில்லை" என்று இலக்கண சுத்தமாக, செய்தி வாசிப்பதுபோலப் பதில் சொன்னான். காபி குடிக்கப் போனால் பந்தெலிஸ் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு முழு எலுமிச்சம்பழம் வைத்தார். காசு வாங்கவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

நேற்று விடியற்காலையில் அண்ணன் துறைக்கு வந்தான், குளியல் அங்கியோடு, பாதிரியாரையும் கூட்டிக்கொண்டு. நான் அங்கேதான் நின்றிருந்தேன்; தூக்கம் போய் நாளாயிற்று. அனுமதி கிடையாது, தடை செய்த பகுதி, கெட்டுப்போன இதயம்; நான் அவனைத் தடுக்க வேண்டும். "திரும்பி நில்லுடி" என்றான். பெரியம்மா, இரண்டு பட்டம் வாங்கிய நான் கிடங்குச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். 'பாதுகாப்பு உன் கண்களில்' என்று நானே மாட்டிய பலகை எதிரே இருந்தது. தண்ணீர்ச் சத்தம். பலகையை இரண்டாம் முறை படித்து முடிப்பதற்குள், "கெடச்சிருச்சு!" குளிருக்காக அங்கியோடேயே குதித்தானாம், சொட்டச் சொட்ட நின்றான், உதடு நீலம், கையில் சிலுவை பளபளத்தது. பாதிரியார் வீட்டுச் செருப்போடேயே ஆசீர்வாதப் பாட்டைப் பாட ஆரம்பித்தார். நான் அழுதேன், அதை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

மணி அடித்தது, படகுகள் எல்லாம் ஊதின, மத்தியானம் கப்பல் உள்ளே வந்தது. அண்ணன் வழக்கப்படி தட்டில் சிலுவையை வைத்து வீடு வீடாகப் போனான். காபிக் கடையில் எல்லோரும் எழுந்து நின்றார்களாம். என் வீட்டுக்கும் வந்தான். முகம் காட்ட முடியாமல் கதவைப் பாதி திறந்தேன். சிலுவையை முத்தமிட நீட்டிவிட்டு, "ஜாக்கெட் இருந்திருந்தா கொஞ்சம் சூடாவாவது இருந்திருக்கும்டி" என்றான். நாங்கள் பேசிக்கொண்டோம்.

ஆகவே, உங்கள் கேள்விக்குப் பதில்: சிலுவையைப் பிடித்தது உங்கள் மகன் ஸராந்திஸ். தாமதமாகச் சொன்னதற்கும், விழா அன்று அவன் கையைக் கட்டிப்போட்டதற்கும் என்னை மன்னியுங்கள்.

அக்காவுக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு. புது இடுப்பு நூறு வயதுவரை உங்களைத் தாங்கட்டும். பெரியப்பாவின் ஆன்மாவுக்காக ஞாயிறன்று மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன்.

என்றும் வெட்கத்துடன்,
பொலிக்ஸெனி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது முக்குளிப்பவர் வந்தார். விடுமுறை முடிந்து இன்று துறைத் தூண்களைப் பார்க்க இறங்கியவர் ஒரு டயர், பந்தெலிஸ் கடை நாற்காலி ஒன்று, சேறு அப்பிய ஒரு பித்தளைச் சிலுவை ஆகியவற்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். சிலுவையின் துளையில் நீல நூல் ஒட்டியிருக்கிறது. நேற்று அண்ணன் கையில் இருந்ததில் சேறே இல்லை. ஒன்பது மீட்டர் ஆழத்துக்கு அவன் போய் வந்த நேரமும், அங்கியைக் கழற்றாமல் குதித்த காரணமும் இப்போதுதான் உறைக்கிறது. பாதிரியாரிடம் ஓடினேன். "கண்ணாடி இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றார். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. உங்கள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற அண்ணன் வைத்திருப்பதுபோல என்னிடமும் ஒரு சாவி இருக்கிறதே, உங்கள் வீட்டுக்குப் போனேன். விளக்குக்கு மேலே ஆணி மட்டும் இருந்தது. முக்குளிப்பவர் தந்ததை நன்றாகக் கழுவி அங்கே மாட்டிவிட்டேன். கோயிலில் இப்போது இருப்பது பெரியப்பாவுடையது. தண்ணீரும் கப்பலும் இதுவரை எதுவும் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பியதும் கிட்டத்தில் போய்ப் பார்க்காதீர்கள். அண்ணனிடம் போனில் கேட்கவும் வேண்டாம். கேட்டால் லைன் சரியில்லை என்பான்.