என் வயலினும் ஒரு புரவலர் கூட்டமும்

எங்கள் தெரு இசைக்கூடத்தைக் காப்பாற்றியே தீருவது என்று ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். நாற்பது பிள்ளைகள் பாட்டும் படமும் கற்றுக்கொள்ளும் ஒரே அறை அது. இடத்துக்காரர் கெடு வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் அடுத்த வருட வாடகைக்கு ஆள் காட்டவில்லை என்றால், திங்கட்கிழமை முதல் அது சைக்கிள் கிடங்கு. அந்தக் கூடத்துக்கு நான் கௌரவச் செயலாளர். கௌரவம் என்றால் சம்பளம் கிடையாது என்று அர்த்தம்.

உங்களிடம் மறைப்பானேன்? எனக்குப் பிள்ளைகள் மேல் அக்கறை பாதிதான். மீதிப் பாதி என் வயலின் மேல். பதினோரு வருடமாக வாசிக்கிறேன். வீட்டில் சாயங்காலம் ஐந்திலிருந்து ஐந்தரை வரை, கதவு ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு வாசிக்க அனுமதி உண்டு. என் மனைவி நூலகர். 'சத்தம் போடாதீங்க' என்று சொல்வதற்கே சம்பளம் வாங்குகிறவள்.

இசைக்கூடம் பிழைத்தால் செயலாளர் என்ற முறையில் தினமும் அங்கேயே வாசிக்கலாம். அதற்கு முன்னோட்டமாக, ஞாயிற்றுக்கிழமை புரவலர் கூட்டத்தில் நன்றியுரைக்குப் பதிலாக அரை மணி நேரம் வாசித்துவிடுவது என்று ரகசியத் திட்டம் போட்டிருந்தேன். யாரும் எழுந்து ஓட முடியாது. டீயும் பிஸ்கட்டும் அதற்குப் பிறகுதான்.

சனிக்கிழமை முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன், மறுபடி உட்கார்ந்தேன். கடைசியில் நடந்துகொண்டே பேச்சை ஒத்திகை பார்த்தேன்.

"மிச்சமானதைக் கொடுப்பது கொடையே அல்ல! உயிருக்கு உயிரானதைக் கொடுப்பதே கொடை!"

"நிஜமாவா சொல்றீங்க?" கிழிந்த புத்தகம் ஒன்றுக்கு அட்டை ஒட்டிக்கொண்டே கேட்டாள் மனைவி.

"பின்னே? மேடைக்காகவா பேசறேன்?"

"மேடைக்குத்தானேங்க பேசறீங்க."

"குறுக்கே பேசாதே. நன்கொடை விதிகளைப் படிக்கிறேன், கேளு. விதி நாலு. கொடுத்த பொருளை எக்காரணம் கொண்டும் திரும்பக் கேட்கக் கூடாது."

"அது எதுக்கு?"

"போன வருஷம் பேக்கரிக்காரர் ஒரு ஆர்மோனியம் கொடுத்தாரே, ஞாபகம் இல்லையா? மூணாம் நாளே வந்து, மச்சான் கேட்கிறான்னு தூக்கிட்டுப் போயிட்டார். அதான், நானே உட்கார்ந்து எழுதினேன். ஒரு ஓட்டை கிடையாது!"

"நல்ல விதிங்க," என்றாள்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவள் என்னைப் பாராட்டியது அது இரண்டாவது தடவை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். பசையை மூடி வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

"எங்கே கிளம்பிட்டே?"

"வீடு வீடாப் போய் நாளைக்கு வரச் சொல்லிட்டு வரேன். நீங்க கூப்பிட்டா யாரு வருவாங்க?"

மறுநாள் எல்லோரும் வந்துவிட்டார்கள்! எங்கள் மேல்மாடிப் பல் டாக்டர் கூட வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆறு மாதமாக மாடிப்படியில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனுஷர் அவர்.

நாற்பது நிமிடம் முழங்கினேன். மருந்துக்கடைக்காரர் மின்விசிறியைப் பார்த்தார். பேக்கரிக்காரர் தன் நகத்தைப் பார்த்தார். நன்கொடைத் தாள் ஒரு சுற்று போய்விட்டு, போன மாதிரியே வெள்ளையாகத் திரும்பி வந்தது. வாசல் பக்கத்தில் இடத்துக்காரர் அளவு நாடாவை நீட்டிச் சுவரை அளக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்போது மனைவி எழுந்தாள்.

"ஒரு நிமிஷம். அவர் சொன்னதை அவரே முதல்ல செஞ்சு காட்டணும்னு நினைக்கிறார். கூச்ச சுபாவம், வாய்விட்டுச் சொல்ல மாட்டார்." மேசைக்கு அடியில் நான் ஒளித்து வைத்திருந்த பெட்டியை எடுத்தாள். "அவரோட உயிருக்கு உயிரான வயலின். இனிமே பிள்ளைங்களுக்கு!"

கைத்தட்டல் கூரையைப் பிய்த்தது. பல் டாக்டர் எழுந்து நின்றே தட்டினார்.

"ஒரே ஒரு தடவை வாசிச்சுக் காட்டிட்டு..." என்று இழுத்தேன்.

"வேண்டாம்!" என்றது மொத்தக் கூட்டமும்.

"விதி நாலு," என்று என் காதோரம் சொன்னாள் மனைவி.

முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி பெட்டியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். பதினோரு வருடம்! ஆனால் அதற்குள் நன்கொடைத் தாளைப் பிடுங்காத குறையாக வாங்கி ஆளாளுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எழுத இடம் போதாமல் பின்பக்கமும் நிரம்பியது. இடத்துக்காரர் நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது மனசைத் தேற்றிக்கொண்டேன். வயலின் போனால் என்ன, நாவன்மை இருக்கிறதே!

"பாத்தியா என் பேச்சை? முதல்ல கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தாங்க. அப்புறம் எப்படிக் கரைஞ்சாங்க!"

"அவங்க நேத்தே கரைஞ்சாச்சுங்க. வயலின் கைமாறினதைக் கண்ணால பார்த்த பிறகுதான் கையெழுத்துன்னு டாக்டர் கண்டிஷனாச் சொல்லிட்டார். அதான் காத்துக்கிட்டு இருந்தாங்க."

வாசல் பூட்டைத் திறந்தபடியே அவள் சொன்னாள்:

"அதுக்கு அடுத்த வருஷம் முழு வாடகையையும் டாக்டரே தர்றாராம். நீங்க புதுசா ஒண்ணு வாங்காம இருந்தா."