மஞ்சள் கதவு கேட்டவளின் தம்பிக்கு

அன்புள்ள மைத்துனருக்கு,

உன் அக்காள் கணவன் எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் மரியாதை. எனக்கு நலமில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். என் மனைவி கையால் சாப்பிடுகிறவனுக்கு என்ன குறை? உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். மரியாதை முடிந்தது, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

"ஒரு வேலையில உருப்படியா நிலைச்சு நில்லுங்க, அன்னிக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு உன் அக்கா உன் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். அங்கே நான் எந்த வேலைக்கும் லாயக்கில்லாதவன் என்று பேச்சு நடப்பதாகக் கேள்வி. ராணுவத்தில் நான் பெயிண்ட் அடித்தேன் என்று நீ ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாய். பீரங்கியோ லாரியோ கூடாரமோ, வானத்திலிருந்து பார்க்கிற எதிரிக்கு அது புதராகவும் பாறையாகவும் தெரியும்படி வண்ணம் தீட்டி மறைப்பதற்குப் பெயர் பெயிண்ட் அடிப்பதா? பள்ளிக்கூடம் என்னைச் சீக்கிரமே கைகழுவி விட்டது. இந்த வித்தையை ஓணானையும் வெட்டுக்கிளியையும் பார்த்து நானே கற்றேன். நான் மறைத்த ஒரு பொருளையும் எதிரி கண்டதில்லை. சிலவற்றை எங்கள் ஆட்களே இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஓய்வு பெற்று வந்ததும் நீ சொன்னாயே என்று ஒரு விளம்பரக் கம்பெனிக்குப் போனேன். பழைய வேலைகளைக் காட்டச் சொன்னார்கள். ஆல்பத்தை நீட்டினேன். மேலாளர் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"என்னங்க, வெறும் மலையும் மரமுமா இருக்கு?"

"நல்லாப் பாருங்க. இதுல நாலு பீரங்கி இருக்கு."

"எங்கங்க?"

"அதைச் சொல்லிட்டா அப்புறம் நான் எதுக்கு?"

வேலை கிடைக்கவில்லை. படித்தவர்களுக்குப் பொறாமை. அடுத்து உன் சிநேகிதரின் ரொட்டிக் கடை. கடை முகப்புக்கு வண்ணம் தீட்டச் சொன்னார், தீட்டினேன், ஒரு பக்கம் வேப்பமரம், ஒரு பக்கம் பழைய காரைச் சுவர், இரண்டையும் நடுவில் சேர்த்துவிட்டேன், எங்கே சுவர் முடிகிறது எங்கே மரம் தொடங்குகிறது என்று பறவைகளுக்கே தெரியாது, காலையில் சாவியும் கையுமாக வந்த மனிதர் எதிர்ச்சாரியில் நின்று "ஐயா, என் கடை எங்கங்க?" என்று கேட்கிறார், அதற்குள் நாலைந்து பேர் பக்கத்து முடிதிருத்தும் கடையில் போய் ரொட்டி கேட்டு அங்கே ஒரே ரகளை. பாராட்டுவார் என்று நின்றேன். திட்டி அனுப்பினார். பிறகு ஒரு பார்சல் கம்பெனியின் வேன். அதைத் தார்ச்சாலை நிறத்துக்குக் கொண்டுவந்தேன், ஓரமாக நிறுத்தியிருந்தார்கள், ஒரு லாரி வந்து ஏறிவிட்டது. ஆள் யாரும் உள்ளே இல்லை, பயப்படாதே. லாரி டிரைவர் இறங்கி நின்று தலையைச் சொறிந்துகொண்டு, "அங்க வண்டி நின்னுச்சா?" என்றார். எனக்குக் கிடைத்த பதக்கங்களையெல்லாம் ஒரு தட்டிலும் அந்த வார்த்தையை ஒரு தட்டிலும் வைத்தால் வார்த்தைதான் கனக்கும். ஆனால் அந்த வேலையும் அன்றோடு போயிற்று.

வேலையில்லாதவன் சும்மா இருக்க முடியுமா? நம் வீட்டு முகப்பைத் தொட்டேன். காய்கறிப் பையோடு வந்த உன் அக்கா வீட்டைத் தாண்டிப் போய்விட்டாள், திரும்பி வந்தாள், மறுபடி தாண்டினாள், கடைசியில் எதிர்வீட்டு மாடித் தையல்காரர் கத்திக் கூப்பிட்டுக் கதவைக் காட்டவேண்டியிருந்தது. பையைக் கீழே வைத்தவள் பிடித்துக்கொண்டாள்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து வாசக் கதவுக்கு மஞ்சள் அடிச்சுத் தாங்கன்னு கேக்கறேன். கேட்டீங்களா?"

"மஞ்சள் ரெண்டு மைலுக்குத் தெரியும்டி. குண்டு விழும்."

"நம்ம வீட்டு மேல யாருங்க குண்டு போடப் போறாங்க? காக்காகூட எச்சம் போடறதில்ல. வீடு இருக்கறது அதுக்கே தெரியல."

கிளம்பிவிட்டாள். இதில் என் தவறு என்ன என்று நீயே சொல். அவள் போனபின் கேட், படிக்கட்டு, கூரை எல்லாவற்றையும் முடித்துவிட்டேன். ரசிக்கத்தான் ஆளில்லை. ஒருவருக்குச் சமைத்தால் உப்பின் அளவு பிடிபடுவதில்லை. நீயாவது ஒரு எட்டு வந்து பார்த்தாயா? மைத்துனன் என்கிற முறைக்காவது? உயிர் உள்ளவரை கண்ணைப் பறிக்கிற நிறத்தில் என் பிரஷ் தோயாது. இதை அவளிடம் அப்படியே படித்துக்காட்டிவிட்டு, உடனே அனுப்பி வைக்கவும்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு என் அன்பு, உனக்கு இரண்டுக்கும் நடுவில் எது பொருந்துமோ அது.

இப்படிக்கு,
ஒரு தவறும் செய்யாத உன் அக்காள் கணவன்

பி.கு.: நேற்று ஒட்டிய உறையை இன்று பிரித்து எழுதுகிறேன். தபால் பெட்டிக்குக் கிளம்பும்போது தையல்காரர் மாடியிலிருந்து கேட்டார்: "போன வாரம் உங்க வீட்டம்மாவும் மச்சினரும் பெட்டியோட வந்தாங்களே, பாக்கலையா? தெருவுல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாங்க. வீட்டையே இடிச்சுட்டீங்கன்னு நெனச்சுட்டாங்க போல. அம்மா அழுதுட்டாங்க. நான் எறங்கி வர்றதுக்குள்ள ஆட்டோ போயிடுச்சு." அப்போது நான் வாசற்படியில்தான் உட்கார்ந்திருந்தேன், தம்பி. அவள் வருகிறாளா என்று தெருக்கோடியைப் பார்த்துப் பார்த்து அலுத்து அப்படியே கண்ணயர்ந்திருக்கிறேன். என் காக்கிச் சட்டையும் படிக்கட்டும் ஒரே நிறம்.

கதவுக்கு மஞ்சள் அடித்தாயிற்று. பஸ் நிறுத்தத்திலிருந்தே தெரிகிறது. போய் நின்று பார்த்துவிட்டு வந்தேன். அந்தப் பக்கமாகப் போன ரொட்டிக் கடைக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்று, தன் கடைக்கும் இதே மஞ்சள் வேண்டும் என்கிறார், அவரைப் பார்த்து முடிதிருத்தும் கடைக்காரர் சிவப்பு கேட்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். டப்பாக்களைத் திறந்தாயிற்று. அக்காவை அழைத்து வா. குண்டு விழுந்தால் உங்கள் குடும்பம்தான் பொறுப்பு.